தண்ணீர் ஏறுகிறதா, இறங்குகிறதா? ஏழு நாள் எழுதிப் பாருங்கள்



தாப்பாவில் அப்பா, கோலாலம்பூரில் மகள். அப்பாவிடம் சிறிய டீசல் லோரி ஒன்று இருக்கிறது. பிரிஞ்சாங்கில் காய்கறி ஏற்றி, இரவோடு இரவாக செலாயாங் மொத்தச் சந்தையில் இறக்குவது அவர் தொழில். மகள் எனக்கு எழுதிய கடிதத்தின் சாரம் இதுதான்:

"அப்பாவின் லோரியில் கூலண்ட் ஒரு நாள் கூடுகிறது, ஒரு நாள் குறைகிறது. ஒரு பட்டறையில் ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார்கள். இன்னொரு பட்டறையில் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, டாப் ஓவரால் செய்ய வேண்டும் என்கிறார்கள். தம்பியின் கல்லூரிக்காகச் சேர்த்த பணம் மட்டும்தான் கையில் இருக்கிறது. யாரை நம்புவது?"

இதே கேள்வியை என் பட்டறை வாசலில் பலர் கேட்டிருக்கிறார்கள். லோரி ஓட்டுபவர்கள் மட்டுமல்ல, டீசல் பிக்கப் வாங்கி ஓராண்டுகூட ஆகாத இளைஞர்களும் கைப்பேசியில் படத்தைக் காட்டி, "அண்ணே, நேத்து ராத்திரி மேல இருந்துச்சு, காலையில பார்த்தா கீழ இருக்கு. என்னாண்ணே இது?" என்பார்கள். எனவே பதிலை எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த மகளுக்கு நான் எழுதிய முதல் வரி: இப்போதைக்கு இருவரையும் நம்பவும் வேண்டாம், சந்தேகப்படவும் வேண்டாம். மெக்கானிக் லோரியை அரை மணி நேரம் பார்க்கிறார், அதுவும் நிழலில், பாரம் இல்லாமல் நிற்கும்போது. கோளாறோ மலையேற்றத்தில், முழுப் பாரத்தோடு, வளைவுக்கு வளைவு கியர் மாற்றும்போது நடக்கிறது. அதைக் கண்ணால் பார்ப்பவர் ஓட்டுநர் ஒருவர்தான். அவர் பார்த்ததை எழுதி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிவிடுகிறேன். கூலண்ட் அளவு மாறுவதே நோய் அல்ல. சூடேறினால் எந்தத் திரவமும் விரியும். தண்ணீரும் கூலண்டும் சரிபாதி கலந்த திரவம், நம் ஊர் வெப்பத்திலிருந்து எஞ்சின் ஓடும் 90 பாகை வரை சூடேறினால் சுமார் 4 விழுக்காடு விரிகிறது. 12 லிட்டர் கொள்ளும் லோரியில் அது ஏறத்தாழ அரை லிட்டர். அந்த அரை லிட்டருக்கு இடம் கொடுக்கத்தான் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்பேர் தொட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். வேலை முடிந்து வந்து நிறுத்தும்போது தொட்டியில் மட்டம் ஏறியிருக்கும். ஆறியதும் பழைய கோட்டுக்கே இறங்கிவிடும். இது நல்ல எஞ்சினின் மூச்சு. இதைப் பார்த்துப் பயந்து பட்டறைக்கு ஓட வேண்டாம்.

ஏறியது இறங்காமல் நின்றாலும், இறங்கியது திரும்பி வராவிட்டாலும்தான் கவனிக்க வேண்டும்.

இங்கே மூடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரேடியேட்டர் மூடியில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று, உள்ளே அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் திறந்து, விரிந்த திரவத்தை ஸ்பேர் தொட்டிக்கு அனுப்பும். மூடியின் மேல் 0.9, 1.1 என்று அச்சிட்டிருப்பது அந்த அளவுதான். இன்னொன்று, எஞ்சின் ஆறும்போது திறந்து, போன திரவத்தை உறிஞ்சித் திரும்பக் கொண்டுவரும். இந்த அழுத்தம் வீணுக்கு அல்ல. திறந்த பானையில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர், 1 பார் கூடுதல் அழுத்தத்தில் 120 பாகை வரை கொதிக்காமல் இருக்கும்.

அதனால்தான் சூட்டில் மூடியைத் திறக்கக்கூடாது என்று தலைதலையாக அடித்துக்கொள்கிறோம். மூடி திறந்த அந்த நொடியில் அழுத்தம் போய், உள்ளே இருப்பது ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறப்பது பாதுகாப்பு அல்ல. மேல் குழாய் கைக்குச் சில்லென்று ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் இரும்பு வெடிப்பு விடும்.

இனி ஏழு நாள் கணக்குக்கு வருவோம். இதற்குத் தேவை ஒரு சிறு நோட்டுப் புத்தகம், ஒரு மார்க்கர் பேனா, அளவு குறித்த ஒரு போத்தல்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, கிளப்புவதற்கு முன், லோரியை ஒவ்வொரு நாளும் ஒரே சமதரையில் நிறுத்திப் பாருங்கள். காலையில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. அந்தத் தாப்பா அப்பா விடிந்த பிறகு வீடு திரும்பி, பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் மீண்டும் கிளம்புகிறார். அவருக்கு அந்த இரண்டு மணிதான் 'காலை'. நான்கு விஷயங்களைக் குறிக்க வேண்டும்.

ஒன்று, ஸ்பேர் தொட்டியில் மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்தாலும் போதும்.

இரண்டு, ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் வாய் வரை திரவம் நிற்கிறதா. இதைப் பலரும் பார்ப்பதே இல்லை. ஸ்பேர் தொட்டி நிறைந்திருக்க, ரேடியேட்டர் காலியாக இருக்கும் லோரிகள் எத்தனையோ. தொட்டியை மட்டும் பார்ப்பது, வாசலில் செருப்பு இருப்பதால் ஆள் வீட்டில்தான் இருக்கிறார் என்று முடிவு செய்வதைப் போன்றது. பெரிய ஐரோப்பிய லோரிகளில் மூடி அந்தத் தொட்டியின் மேலேயே இருக்கும். அவற்றில் தொட்டியைப் பார்த்தாலே போதும்.

மூன்று, மூடியைத் திறக்கும் முன், ரேடியேட்டரின் மேல் ரப்பர் குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருக்கிறதா, கல் போல் இருக்கிறதா, உறிஞ்சிய பழச்சாற்றுப் பொட்டலம் போல் சப்பி இருக்கிறதா?

நான்கு, எண்ணெய்க் குச்சியை உருவிப் பாருங்கள். எஞ்சின் எண்ணெய் நேற்றைவிடக் கூடியிருக்கிறதா? பால் தேநீர் நிறத்துக்கு மாறியிருக்கிறதா?

பயணம் முடிந்து வந்ததும் மூடியைத் தொடாமல் தொட்டியின் மட்டத்தை இன்னொரு முறை குறியுங்கள். அன்று எங்கே போனீர்கள், எவ்வளவு பாரம், தண்ணீர் ஊற்றியிருந்தால் எத்தனை மில்லிலிட்டர் என்பதையும் எழுதுங்கள். 'கொஞ்சம் ஊற்றினேன்' என்று எழுத வேண்டாம். கொஞ்சம் என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

ஏழு நாள் ஆனதும் நோட்டுப் புத்தகமே பேசத் தொடங்கும்.

பயணம் முடிந்ததும் ஏறி, ஆறியதும் பழைய கோட்டுக்கே வந்தால் வேலை ஒன்றுமில்லை. பட்டறையில் ரேடியேட்டரைக் கழற்றிப் பூட்டியிருந்தால் முதல் சில நாள் மட்டம் கொஞ்சம் குறையும். உள்ளே சிக்கிய காற்று வெளியேறுகிறது, அதுவும் வழக்கம்தான்.

ஏறியது ஆறிய பிறகும் இறங்கவில்லை, ரேடியேட்டர் வாய் காலி, மேல் குழாய் சப்பிக் கிடக்கிறது என்றால் போன திரவம் திரும்பி வரும் வழி அடைபட்டிருக்கிறது. மூடியின் உறிஞ்சும் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். தொட்டிக்குப் போகும் சிறு குழாய் நசுங்கியிருக்கலாம். சிறு குழாயில் வெடிப்பு இருந்தாலும் திரவத்துக்குப் பதிலாகக் காற்றை உறிஞ்சும். அப்போது குழாய் சப்பாது, வாய் மட்டும் காலியாகும். மூடிதான் இந்தக் கூட்டத்திலேயே மலிவான பொருள். பழைய மூடியில் அச்சிட்ட எண்ணையே கேட்டு வாங்குங்கள். 'இன்னும் பலமானது' என்று கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய குழாய்கள்தான் உடையும்.

ஒரே சீராக நாளும் குறைகிறது, எண்ணெய் சுத்தமாக இருக்கிறது என்றால் பெரும்பாலும் வெளிக்கசிவு. சொட்டு தரையில் விழ வேண்டும் என்ற கட்டாயமில்லை. சூட்டில் அது அங்கேயே காய்ந்து, வெள்ளையாகவோ கூலண்ட் நிறத்திலோ உப்புப் படிந்தது போல் தடம் விடும். வாட்டர் பம்பின் கீழே உள்ள சிறு துளை, குழாய்க் கிளிப்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் விளிம்பு ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டறையில் ஆறிய எஞ்சினில் கைப்பம்பால் மூடியின் அளவுக்கு அழுத்தம் ஏற்றி, இருபது நிமிடம் முள் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ரேடியேட்டரை மாற்றச் சொல்பவரிடம் இந்தச் சோதனையைக் கேட்பது உங்கள் உரிமை.

தண்ணீர் குறையக் குறைய எண்ணெய்க் குச்சியில் மட்டம் ஏறினால் லோரியை அங்கேயே நிறுத்துங்கள். தண்ணீர் எண்ணெயில் கலக்கிறது. ஆயில் கூலர், ஹெட் கேஸ்கெட், பெரிய எஞ்சின்களில் சிலிண்டர் லைனர் என்று காரணம் எதுவாக இருந்தாலும், தண்ணீர் கலந்த எண்ணெய் பேரிங்கைத் தின்றுவிடும். 'சந்தை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்' என்பது இங்கே நடக்காது.

கடைசியாக, ஏறி ஏறிப் பொங்கி வழிகிறது, ஆறிய பிறகும் மேல் குழாய் கல்லாக இருக்கிறது என்றால் உள்ளே எங்கிருந்தோ காற்றோ புகையோ புகுந்து தண்ணீரைத் தள்ளுகிறது. சூடு மட்டும் காரணமாக இருந்தால், ஆறியதும் அழுத்தம் போயிருக்க வேண்டும்.

தாப்பா நோட்டுப் புத்தகம் இந்தக் கடைசி வகை. தம்பிதான் எழுதினான், ஏழு நாளும் படம் எடுத்து அக்காவுக்குப் புலனத்தில் அனுப்ப, அவர் எனக்கு அனுப்பினார். மட்டத்தைவிட என் கண்ணில் பட்டது பாரக் கணக்கு. மூன்று நாள் அப்பா உரமூட்டை ஏற்றிக்கொண்டு மலையேறியிருக்கிறார். அந்த மூன்று நாளும் தொட்டி பொங்கியிருக்கிறது. வெறுங்கூடைகளோடு ஏறிய மூன்று நாளும் மட்டம் சற்றுத்தான் கூடியிருக்கிறது. லோரி எடுக்காத ஒரு நாள் கோடு அசையவே இல்லை. ஓரத்தில் தம்பி தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தான்: "ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை, இனிப்பு வாடை."

ரேடியேட்டர் ஓட்டை என்றால் தொட்டி பொங்காது. ஆக, முதல் பட்டறையின் முடிவு பொருந்தவில்லை. ஆனால் அவர்கள் பொய் சொல்லவில்லை. புகை கலந்திருக்கிறதா என்று காட்டும் நீலத் திரவச் சோதனையைச் செய்திருக்கிறார்கள்; நிறம் மாறவில்லை. அதனால்தான் கேஸ்கெட்டை விட்டுவிட்டு ரேடியேட்டருக்குப் போயிருக்கிறார்கள். டீசல் எஞ்சினில் இந்தச் சோதனை சில சமயம் ஏமாற்றும். அந்தத் திரவம் கரியமில வாயுவைக் கண்டுதான் நிறம் மாறும். பாரமில்லாமல் நின்ற இடத்தில் ஓடும் டீசல் எஞ்சினின் புகையில் அந்த வாயு மிகக் குறைவு. அதோடு சிறு வெடிப்பு பாரத்தில்தான் வாய் திறக்கும். மலையேறி வந்த கையோடு, பாதுகாப்பாக அழுத்தம் இறக்கிச் செய்தால்தான் சரியான விடை கிடைக்கும்.

இரண்டாவது பட்டறை புகை புகுவதைச் சரியாகவே கண்டுபிடித்தது. டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரியும்போது 100 பார்க்கும் மேல் அழுத்தம் எழும். ஹெட் கேஸ்கெட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் 1 பார் அழுத்தத்தில் இருக்கும் தண்ணீரை அது தள்ளிவிடும். ஆனால் புகை புகும் வாசல் அது ஒன்றுதானா?

புதிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் இ.ஜி.ஆர். கூலர் என்ற பாகம் இருக்கிறது. வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் பாகம் அது. அதற்குள் ஒரு மெல்லிய தகட்டுக்கு இந்தப் பக்கம் புகை, அந்தப் பக்கம் கூலண்ட். தகட்டில் வெடிப்பு விழுந்தால், பாரம் ஏறும்போது புகை தண்ணீருக்குள் புகும்; எஞ்சின் நின்றதும் மிச்சமிருக்கும் அழுத்தத்தில் தண்ணீர் புகைப் பக்கம் கசியும். அடுத்த முறை கிளப்பினால் அதுவே வெள்ளைப் புகை, இனிப்பு வாடை. வெளியிலிருந்து பார்த்தால் ஹெட் கேஸ்கெட் போனதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது.

காற்று பிரேக் உள்ள பெரிய லோரிகளில் மூன்றாவதாக ஒரு வாசலும் உண்டு. அது காற்று அமுக்கும் கம்ப்ரசர். அதன் தலையும் கூலண்டால்தான் குளிர்கிறது. அங்கே கேஸ்கெட் போனால் காற்று தண்ணீருக்குள் புகும். காற்றுத் தொட்டிகளின் வடிகாலைத் திறந்து பாருங்கள். கூலண்ட் நிறத்தில் தண்ணீர் வந்தால் எஞ்சின் தலையைக் கழற்றும் முன் கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும். தாப்பா லோரி சிறியது, காற்று பிரேக் இல்லாதது. எனவே இரண்டே வாசல்கள்தான் மிச்சம்.

அந்த இரண்டில் எளிதாகக் கழற்றக்கூடியதை முதலில் சோதிக்கச் சொன்னேன். இ.ஜி.ஆர். கூலரைக் கழற்றி, தண்ணீர் வழியின் ஒரு முனையை அடைத்து, மறு முனையில் காற்றழுத்தம் கொடுத்து, சுடுநீருக்குள் அமிழ்த்த வேண்டும். சுடுநீர் முக்கியம், குளிர்ந்த தகட்டில் வெடிப்பு மூடிக்கொள்ளும். அரை நாள் வேலை. அந்த இரண்டாவது பட்டறைக்காரரே செய்து கொடுத்தார். குமிழ்கள் வரிசையாக வந்தன. எஞ்சின் தலை கழற்றப்படவில்லை. கூலரை மாற்றிய பிறகு இன்னொரு ஏழு நாள் தம்பி கணக்கு எழுதினான். உரமூட்டை நாளிலும் கோடு தன் இடத்துக்கே திரும்பியது. செலவு இல்லாமல் போகவில்லை. ஆனால் கல்லூரிப் பணம் அப்படியே இருக்கிறது.

எல்லாருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். கூலர் நன்றாக இருந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைத்தான் பார்த்திருக்க வேண்டும், பணமும் போயிருக்கும். அப்போதும் எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்திருப்பார்கள். 'பார்த்துக்கலாம்' என்று தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஓட்டியிருந்தால் இன்னும் மோசம். கசிந்த தண்ணீர் ஒருநாள் சிலிண்டருக்குள் தேங்கியிருக்கும். தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது. வளைவது கனெக்டிங் ராடுதான்.

அந்தக் கூலர் ஏன் வெடித்தது என்றும் மகள் கேட்டார். அப்பா பல ஆண்டுகளாக மலையோர ஓடைத் தண்ணீரைத்தான் ஊற்றி வந்திருக்கிறார். "நம்ப நாட்டுல பனியா விழுது, கூலண்ட் எதுக்கு?" என்பது அவர் வாதம். நம் ஓட்டுநர்கள் பலரின் வாதமும் அதுதான். ஓடைத் தண்ணீரில் கரைந்துள்ள தாது, சூடான தகட்டில் கெட்டிலின் அடியில் படிவது போலப் படியும். படிந்த இடத்தில் சூடு இறங்காது. தகடு வெந்து வெடிக்கும். அந்த ஒரே காரணம்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கழற்றிய கூலரின் தண்ணீர்ப் பக்கம் முழுக்கக் காவிப் படிவம்.

கூலண்ட் உறையாமல் தடுப்பதற்கு மட்டுமல்ல. கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது. பெரிய டீசல் எஞ்சின்களில் இன்னொரு வேலையும் செய்கிறது. அங்கே சிலிண்டர் லைனர் ஒவ்வொரு எரிப்புக்கும் மணி போல் அதிரும். அந்த அதிர்வில் தண்ணீர்ப் பக்கம் சின்னஞ்சிறு குமிழ்கள் தோன்றி உடைந்து, இரும்பைக் குத்திக் குத்தி ஓட்டை போடும். சரியான டீசல் கூலண்டில் உள்ள மருந்து லைனர்மேல் ஒரு மெல்லிய காப்பை விட்டு அதைத் தடுக்கிறது. ஓடைத் தண்ணீருக்கு அந்தத் திறமை இல்லை.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் என்பது தயாரிப்பவர் சேர்க்கும் சாயம்தான். வாகனக் கையேட்டில் சொன்ன வகையை, வடிகட்டிய நீரோடு சொன்ன விகிதத்தில் கலந்து ஊற்றுங்கள். மிச்சத்தைக் குளிர்பானப் போத்தலில் வைக்காதீர்கள். அது இனிக்கும், ஆனால் நஞ்சு. வீட்டுப் பிள்ளைகளுக்கும் நாய் பூனைக்கும் ஆபத்து.

பட்டறைக்குப் போகும்போது நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொண்டுபோங்கள். "தண்ணி குறையுதுண்ணே" என்பதோடு நிறுத்தாமல், "பாரத்தோட மேட்டுல ஏறினா பொங்குது, ஆறின பிறகும் ஹோஸ் கெட்டியா இருக்கு" என்று சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்தச் சோதனை செய்தீர்கள்? பாரத்தில் செய்தீர்களா, நின்ற இடத்தில் செய்தீர்களா? வேறு எந்த வாசல்களை விலக்கிவிட்டீர்கள்? நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் வந்தால் எங்களுக்கும் வேலை சுலபம்.

அப்பாவோ அண்ணனோ லோரி ஓட்டும் வீட்டில் நீங்கள் அலுவலக வேலையில் இருப்பவராக இருந்தால், எஞ்சினைப் பற்றித் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். கோடு எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் எழுதவும் உங்களால் முடியும். இந்த வாரமே தொடங்குங்கள். எழுதிய கணக்கை எனக்கு அனுப்பினால், வரும் வாரங்களில் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.